குளியலறைக்கு ஒரு கொட்டகைக் கதவு

அப்பா குளியலறையில் வழுக்கி விழுந்தபோது உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தார். தாழ்ப்பாளை உடைத்த பிறகும் கதவு நான்கு விரல் அகலத்துக்கு மேல் திறக்கவில்லை. உள்பக்கமாகத் திறக்கும் கதவு அது. விழுந்தவர் அதற்குக் குறுக்கே கிடந்தார். கூப்பிட்டால் பதிலும் இல்லை. கடைசியில் எதிர்வீட்டுக்காரரும் வாட்ச்மேனும் வந்து பிளாஸ்டிக் கதவையே பிய்த்து எடுத்தார்கள். அதிர்ச்சியில் பேச்சு வராமல் படுத்திருந்தாரே தவிர, முழங்கையில் ஒரு சிராய்ப்பு மட்டும்தான். ஆனால் அஸ்தினாபுரத்தில் எங்கள் குடியிருப்பின் மூன்றாவது மாடியில் பாதிப் பேர் அவரைத் துண்டுகூட இல்லாமல் பார்த்துவிட்டார்கள். அதன் பிறகு ஒரு மாதம் அவர் லிஃப்டில் ஏறவில்லை. லிஃப்டில் என்றால் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்குமே. எழுபத்தாறு வயதில் மூன்று மாடியும் படியேறினார். அதைவிடக் குளியலறையில் விழுவதே பாதுகாப்பு என்று எனக்குத் தோன்றியது.

மறுநாளே புதுக் கதவு போட்டோம், தாழ்ப்பாள் இல்லாமல். நானும் என் மனைவியும் சேர்ந்து எடுத்த முடிவு அது. அப்பாவைக் கேட்கவில்லை.

தாழ்ப்பாள் இல்லாத குளியலறைக்குள் ஆள் இருப்பதை உலகத்துக்கு எப்படித் தெரிவிப்பது? முதலில் இருமிப் பார்த்தார். தொண்டை கட்டிக்கொண்டது. அப்பா மின்சார ரயிலில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். ஆகவே ஸ்டேஷன் பெயர்களைச் சொல்லத் தொடங்கினார். கடற்கரை, கோட்டை, பூங்கா, எழும்பூர் என்று உரக்க, ஒவ்வொன்றுக்கும் நடுவில் சரியான இடைவெளி விட்டு. முதல் மக் தண்ணீர் சைதாப்பேட்டையில் விழும். தாம்பரம் வந்துவிட்டால் துவட்டிக்கொள்கிறார் என்று பொருள். எண்ணெய் தேய்த்துக் குளிக்கும் சனிக்கிழமைகளில் வண்டி செங்கல்பட்டு வரை போகும். என் மனைவி சமையலறையில் அதைக் கேட்டுக்கொண்டே தோசை வார்ப்பாள். மீனம்பாக்கத்தில் மாவு ஊற்றினால் அவர் உட்காரும்போது சூடாக இருக்கும்.

ஒருநாள் பல்லாவரத்துக்குப் பிறகு சத்தம் நின்றுவிட்டது. என் மனைவி கரண்டியோடு ஓடிப்போய்க் கதவைத் தள்ளிவிட்டாள். உள்ளே அப்பா கண்ணை இறுக மூடிக்கொண்டு நின்றிருந்தார். சோப்பு நுரை வாய்க்குள் போய்விட்டதாம். அடுத்த ஸ்டேஷனைச் சொல்ல முடியவில்லை. மாமனாரும் மருமகளும் இரண்டு நாள் பேசிக்கொள்ளவில்லை. அவள் காபியை மேசையில் வைத்துவிட்டு சமையலறைக்குள் போவாள். போன பிறகு அவர் வந்து எடுத்துக்கொள்வார்.

இந்த நிலையில்தான் அவள் ஒரு வீடியோவில் அந்தக் கதவைக் கண்டுபிடித்தாள். சுவரின் மேலே ஓர் இரும்புத் தண்டவாளம், அதில் சக்கரங்கள், சக்கரங்களிலிருந்து தொங்கும் பெரிய மரக்கதவு. பக்கவாட்டில் தள்ளித் திறக்க வேண்டும். பார்ன் டோர் என்று பெயராம். வெளிநாட்டில் மாட்டுக் கொட்டகைக்குப் போடுவதாம். இப்போது வீட்டுக்குள்ளும் போடுகிறார்களாம். யார் எப்படி விழுந்து கிடந்தாலும் வெளியிலிருந்து ஒரு கையால் திறந்துவிடலாம்.

அப்பா வீடியோவை இரண்டு முறை பார்த்தார். அவர் பிறந்த வீட்டில் பதினோரு மாடு கட்டியிருந்தார்களாம். எந்தக் கொட்டகைக்கும் கதவு கிடையாதாம். மாடு எதற்காகக் கதவைச் சாத்திக்கொள்ளப் போகிறது என்று கேட்டார். பிறகு, "இதுக்குத் தாழ்ப்பாள் உண்டா?" என்றார். நானும் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். தாழ்ப்பாள் இருக்கக்கூடாது என்பதற்காகத்தானே இவ்வளவு பாடும்.

குரோம்பேட்டையிலிருந்து ஒரு தச்சர் அளவெடுக்க வந்தார். டேப்பை இழுத்துப் பார்த்துவிட்டு வெகுநேரம் தலையைச் சொறிந்தார்.

"சார், தொறந்தா கதவு எங்கனா போயி நிக்கணும்ல? இந்தாண்ட சாமி கீது, அந்தாண்ட ஃப்ரிட்ஜ் கீது. ரெண்டுல யாரு நவுர்றது?"

வாஸ்தவம். குளியலறைக்கு வலப்பக்கச் சுவரில் பூஜை அலமாரி. கதவை அந்தப் பக்கம் தள்ளினால் குளியலறை திறக்கும், சாமி மூடிக்கொள்ளும். அதுவும் ஒருவகையில் மரியாதைதான் என்றாள் மனைவி. அப்பா வெளியே வந்த பிறகு எந்தக் கதவையும் சாத்தாத மனிதர், வெள்ளிக்கிழமைகூட சாமிக்கு விடுதலை கிடைக்காது என்றேன் நான். இரண்டு நாள் விவாதத்துக்குப் பிறகு ஃப்ரிட்ஜ் ஹாலுக்குப் போய் சோபாவுக்குப் பக்கத்தில் நின்றது. அன்று முதல் வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லோருக்கும் அது தண்ணீர் கொடுப்பதற்காக நிற்பதுபோல இருக்கிறது.

மரத்தில் செய்வதற்கு முன் ஒரு வாரம் பழகிப் பாருங்கள் என்று தச்சர் சொல்லிவிட்டுப் போனார். மேல்மாடி வீட்டில் புது வாஷிங் மெஷின் வாங்கியிருந்தார்கள். இருந்த கதவைக் கழற்றிவிட்டு, அந்த அட்டைப்பெட்டியைப் பிரித்து, திரைச்சீலை வளையங்களில் மாட்டித் தொங்கவிட்டோம். ஒரு குடும்பமே அட்டையைத் தள்ளிக்கொண்டு குளிக்கப் போனது. 'இந்தப் பக்கம் மேலே' என்ற அம்புக்குறி கீழே பார்த்துக்கொண்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை நான் குளித்துக்கொண்டிருந்தேன். வெளியே அப்பாவின் குரல்.

"இருக்கியா?"

இருக்கிறேன் என்றேன். இரண்டு நிமிஷம் கழித்து மறுபடியும் அதே கேள்வி. மறுபடியும் அதே பதில். மூன்றாவது முறை எரிச்சலில் வாயைத் திறக்கவில்லை. அட்டை சரசரவென்று நகர்ந்தது. அப்பாவின் தலை உள்ளே வந்தது. நான் மக்கை எடுத்து முடிந்தவரை மறைத்துக்கொண்டேன். அவர் என்னை மேலும் கீழும் நிதானமாகப் பார்த்தார்.

"இருக்கான்மா," என்று சமையலறைப் பக்கம் தகவல் சொல்லிவிட்டு அட்டையைச் சாத்தினார்.

வெளியே வந்து கத்தினேன். இது என்னப்பா விளையாட்டு, ஒரு மனுஷன் நிம்மதியாகக் குளிக்கக்கூட முடியாதா என்று கேட்டேன். கேட்டு முடித்த பிறகுதான் யாரிடம் கேட்கிறேன் என்பது உறைத்தது. அப்பா சிரிக்கவில்லை.

"வுழுந்தா வுழுந்துட்டுப் போறேன்டா. தாழ்ப்பாள் போட்டுக்கினு வுழறேன்."

எனக்கு வெட்கமாக இருந்தது. நான்கு மாதமாக இந்த மனிதர் தன்னைத் தானே அறிவித்துக்கொண்டு குளித்திருக்கிறார். நாங்கள் அதைக் கேட்டுத் தோசை வார்த்திருக்கிறோம். அன்றே தச்சருக்குப் போன் செய்து, அதே கதவு, கூடவே ஒரு கொக்கி என்றேன்.

கதவு வந்த அன்று நான் அலுவலகத்திலிருந்து திரும்பியபோது அப்பா சோபாவில் சாய்ந்து, கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தார். கதவு நன்றாகத்தான் இருந்தது. கெட்டியான மரம், வழவழப்பான மெருகு. கொக்கி வெளிப்பக்கத்தில் இருந்தது. வெளியே இருக்கிறவர்கள் மாட்டிவிட்டால் உள்ளே இருக்கிறவர் உள்ளேயேதான்.

"மாட்டைக்கூட நான் இப்படிப் பூட்டுனதில்லடா," என்றார் அப்பா.

தச்சரைத் திட்டப் போனை எடுத்தேன். மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டாள். எனக்குத் தெரியாமல் அவள்தான் அவரிடம் பேசியிருக்கிறாள். கொக்கி எப்படியிருந்தாலும் வெளியிலிருந்து திறக்கிற மாதிரி இருக்க வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறாள். எள் என்றால் எண்ணெயாக நிற்கிற மனிதர், சொன்னபடியே செய்துவிட்டார்.

"நீங்க வுழுந்த அன்னிக்கு நான் கூப்பிட்டுக்கினே இருந்தேன் மாமா. உள்ள இருந்து ஒரு சத்தமும் இல்ல. நீங்க போயிட்டீங்கன்னே நெனச்சேன்."

இதை அவள் என்னிடம்கூடச் சொன்னதில்லை. அப்பாவின் சிரிப்பு நின்றுவிட்டது.

பிறகு அவளே ஸ்க்ரூ டிரைவரை எடுத்து வந்து கொக்கியைக் கழற்றினாள். அப்பா எழுந்துபோய்த் திருகாணிகளை உள்ளங்கையில் வாங்கிக்கொண்டார். உள்பக்கம் அதைப் பொருத்த முக்கால் மணி நேரம் ஆயிற்று. சற்றுக் கோணலாகத்தான் அமைந்தது. அவளே முதலில் உள்ளே போய் மாட்டிக் கழற்றிப் பார்த்தாள்.

அப்பா காலையிலேயே குளித்தாயிற்று. இருந்தும் துண்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். கதவு நகர்ந்தது. கொக்கி விழுந்த சத்தம் கேட்டது. அப்புறம் தண்ணீர்ச் சத்தம். அதுவும் நின்றது. மனைவி ஒரு நாற்காலியைக் கதவுக்கு நேர் எதிரே போட்டு, ஸ்க்ரூ டிரைவரை இரண்டு கையாலும் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். கூப்பிட வாயெடுத்த என்னைக் கண்ணாலேயே அடக்கினாள்.

கதவு திறந்தது. அப்பா தலை துவட்டி, வேட்டி கட்டி, திருநீறு பூசாத நெற்றியோடு நின்றார். நாற்காலியைப் பார்த்தார். குனிந்து அவள் கையிலிருந்து ஸ்க்ரூ டிரைவரை மெதுவாக வாங்கினார்.

"குளிச்சாச்சும்மா," என்றார்.