அரளியை வெட்ட மாட்டேன்

இன்று காலை அரளிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டு மருமகள் ரோஸ்லின் போனைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

“தாத்தா, இது விஷமாம். எம்புள்ள வாயில வச்சிட்டா? வெட்டிருங்க.”

“ஏளா, எனக்குத் தெரியாதா? ஒம்பக்கம் சாயுத கொப்பெல்லாம் ஒடிச்சு, புகையும் ஆகாதுன்னு எரிக்காம பொதைக்கது யாரு?”

“ரோஜா வைங்களேன்.”

“நீ வச்ச ரோஜா எங்க?”

அவள் வைத்ததில் பாதி உப்புக்காற்றில் கருகியது. மீதியைத் தெரு ஆடுகள் தின்றன.

பிள்ளைக்காக என் பழைய மீன்வலையை இரண்டு வீட்டுக்கும் நடுவில் இறுக்கிக் கட்டிவிட்டேன். அரளி நிற்கும்.

எங்கள் பெரியதாழைக் கடற்கரையில் ஆடும் தொடாமல், உப்புக்கும் கருகாமல் பூக்கிற வேறு செடி இருந்தால் சொல்லுங்கள். நட்டுப் பார்த்தவர்கள் மட்டும்.