மஸ்டர் முடியும்வரை யாரும் கலைவதில்லை

ஊரடங்கு போட்ட கிழமையிலிருந்து என் போன் கையில் பிடிக்க முடியாத அளவுக்குச் சூடாகிக் கிடந்தது. எல்லோருக்கும் ஒரே கேள்விதான். "நானா, எங்க பிள்ள எப்ப வரும்?" எங்கள் ஊரில் முஸ்லிம் ஆணை அண்ணன் முறையில் 'நானா' என்றுதான் கூப்பிடுவார்கள்.

நான் கண்டியில் இருந்துகொண்டு கப்பல் வேலை பார்த்தவன். சிரிக்க வேண்டாம். கடல் இல்லாத ஊர்தான், ஆனால் இங்கே ஹோட்டல்களில் பழகிய பிள்ளைகளை உல்லாசக் கப்பல்காரர்கள் விரும்பி எடுப்பார்கள். நானும் பயணிகளின் அறைகளைத் துப்புரவாக்கும் கெபின் ஸ்டூவர்டாகப் பல வருடம் ஓடி, முதுகு பிடித்துக்கொண்ட பிறகு கரையேறியவன். ஆள் அனுப்பும் ஏஜென்சி ஒன்றின் கண்டிக் கிளையில் மெடிக்கல், வீசா, கொன்ட்ராக்ட் பார்த்தேன். இப்போது ஓய்வு. அந்த வேலைக்குப் புதிதாக வந்திருப்பவர்கள் கொரோனா காலத்தைப் பற்றிக் கேட்டார்கள். அதனால் எழுதுகிறேன்.

1. பல்கனி அறை

பயணிகளை இறக்கிவிட்ட கப்பல்கள் வேலையாட்களோடு கடலில் நின்றன. எந்தத் துறைமுகமும் அவர்களை இறங்க விடவில்லை. தொற்றுக்குப் பயந்து கம்பனி ஆளுக்கொரு பயணி அறை கொடுத்துக் கதவைச் சாத்தியது. சாப்பாட்டை வாசலில் வைத்துத் தட்டிவிட்டுப் போய்விடுவார்கள்.

கண்டி மஹய்யாவையில் இருந்த புஷ்பம் அக்காவுக்கு முதலில் சந்தோஷம். அவருடைய ஒரே மகன் யோகராஜ் அமெரிக்கப் பக்கம் நின்ற ஒரு கப்பலில், துணி வெளுக்கும் லோண்டரியில் இருந்தான். "பல்கனி வச்ச ரூமாம் நானா. எம் மவன் தொர மாதிரி இருக்கான்" என்றார்.

கப்பலின் அடித்தட்டில், ஜன்னல் இல்லாத அறையில், மேல்கட்டில்காரனின் குறட்டையைத் திட்டிக்கொண்டு தூங்கிப் பழகியவர்கள் நாங்கள். அந்தக் குறட்டைதான் எங்களைப் பைத்தியமாகாமல் வைத்திருந்தது. தனி அறையைக் கொடுத்தால் மனுஷனுக்கு என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும்.

2. பெயர் கூப்பிடுதல்

கப்பலில் மஸ்டர் என்று ஒரு பயிற்சி உண்டு. அபாய மணி அடித்தால் அவரவருக்குக் குறித்த இடத்தில் போய் நிற்க வேண்டும். பெயர் கூப்பிடுவார்கள். பெயரையும் பிரிவையும் சொல்லி 'இருக்கிறேன்' என்று பதில் கொடுக்க வேண்டும். ஒருத்தன் குறைந்தாலும் மற்றவர்கள் கலைய முடியாது. வெயிலோ மழையோ, அவன் வரும்வரை நிற்க வேண்டியதுதான்.

யோகராஜ் இருந்த கப்பலில் அவனோடு சேர்த்து நம் பக்கத்துப் பிள்ளைகள் ஆறு பேர். தினமும் எனக்கு அந்தி நேர மஃரிப் தொழுகை முடியும் நேரம் அவர்களுக்குக் காலைச் சாப்பாட்டு நேரம். வட்ஸ்அப்பில் எல்லோரையும் ஒன்றாகக் கூப்பிட்டு மஸ்டர் எடுக்கத் தொடங்கினேன். பதில் வராத ஆள் இருந்தால் யாரும் போனை வைக்கக் கூடாது. சட்டம் அவ்வளவுதான்.

கொழும்பிலிருந்த என் மேலாளர் யாழ்ப்பாணத்தவர், நல்ல மனுஷன், ஆனால் சட்டம் பேசுவார். "நலீம், உது எங்கட வேலையில்லை. கொன்ட்ராக்ட் முடிஞ்ச ஆக்களின்ர விபரத்தை மட்டும் அனுப்புங்கோ" என்றார்.

"சரி சேர்" என்றேன். மஸ்டர் நடந்தது.

கொழும்பு வீதியிலுள்ள கடுகண்ணாவையைச் சேர்ந்த சிங்களப் பிள்ளை நுவன், கப்பலின் பாரில் வேலை செய்தவன். ஒரு நாள் அவன் தூங்கிப்போனான். மற்றவர்கள் தேத்தண்ணீர் ஆற ஆறக் காத்திருந்து, அவன் எழும்பி வந்ததும் தமிழ், சிங்களம், இங்கிலீஷ் என்று மூன்று மொழியிலும் திட்டினார்கள். திட்டு வாங்கிய சந்தோஷத்தில் அவன் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

3. மாலை போட்ட படம்

ஒரு நாள் காலை புஷ்பம் அக்காவின் கணவர் நெஞ்சு வலித்து இறந்துபோனார். சந்தையில் மரக்கறிக் கடை வைத்திருந்தவர், யோகராஜுக்குக் கூட்டாளி மாதிரி.

கப்பல் தொழிலில் ஒரு வழக்கம் இருக்கிறது. வீட்டுச் சாவை ஆளுக்குப் போனில் சொல்லிவிட்டு வைத்துவிடக் கூடாது. அதிகாரி ஒருவர் அவனுடைய சிநேகிதனையும் கூட்டிக்கொண்டு நேரில் போய்ச் சொல்வார். நான் புஷ்பம் அக்காவிடம் கெஞ்சினேன். "தனிய ஈக்கிற பிள்ளக்கி இத செல்ல வாணாம் அக்கா. கப்பல்ல ஆள் போவாங்க."

அந்த நிலையிலும் அவர் ஒத்துக்கொண்டார். "சரி நானா. பக்கத்துல ஒரு ஆளு இருக்கும்போதே சொல்லச் சொல்லுங்க." கப்பலுக்கு அறிவித்தேன். அங்கே இரவு. விடிந்ததும் ஆள் அனுப்புகிறோம் என்றார்கள்.

நாங்கள் மறந்தது ஒன்று. நம் ஊரில் ஆள் இறந்தால் பிரேதம் வீட்டுக்கு வருமுன்னே மாலை போட்ட படத்தோடு 'கண்ணீர் அஞ்சலி' தயாராகிவிடும். ஊரடங்கில் மதிலில் ஒட்ட முடியாது. சொந்தக்காரப் பெடியன் ஒருவன் மரியாதைக்குத் தன் வட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டுவிட்டான். அதை யார் யார் பார்ப்பார்கள் என்று அவன் யோசிக்கவில்லை. நானும் அதைப் பற்றி எச்சரிக்கவில்லை.

பின்னேரம் புஷ்பம் அக்காவின் போன் வந்தது. "நானா, அவன் பாத்துட்டான். பாத்தவங்க பேர்ல அவன் பேரும் விழுந்திருக்கு. போன அணைச்சிட்டான். ஒருத்தரு போயிட்டாரு. இவனையும் நான்..."

அந்த நாட்களில் தனி அறைகளிலிருந்து வந்த செய்திகள் நல்ல செய்திகள் அல்ல. ஒரு போனில் கப்பலின் அலுவலகத்தைப் பிடித்து உடனே ஆளை அனுப்பச் சொன்னேன். மற்றப் போனில் மஸ்டரைத் தொடங்கி, நடந்ததைச் சொன்னேன். ஐந்து பேர் பதில் சொன்னார்கள்.

"ஒத்தரும் வைக்க வாணாம்" என்றேன்.

நுவனின் அறை யோகராஜின் அறைக்குப் பக்கத்தில். அவன் பல்கனிக்கு ஓடி நடுத் தடுப்பில் குத்துவது போனில் கேட்டது. ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. அவனுக்குத் தெரிந்த அரைகுறைத் தமிழில் கத்தினான். "அடோ யோகா! மஸ்டர் முடியல்ல! ஒன்னால நாங்க எல்லாம் நிக்கிறது! பேர் சொல்லு!"

பதில் இல்லை. மறுபடி கத்தினான். மற்ற நால்வரும் தங்கள் பல்கனிகளில் நின்று அதையே கத்தினார்கள். நான் உட்கார்ந்திருந்த கதிரையின் கையைப் பிடித்துக்கொண்டு இறைவனிடம் துஆ கேட்டேன்.

கண்ணாடிக் கதவு இழுபடும் சத்தம் கேட்டது. பிறகு ஒரு குரல்.

"யோகராஜ். லோண்டரி. இருக்கேன்."

அதற்குப் பிறகுதான் அவன் அழுதான். தூர நிற்க வேண்டும், தொடக்கூடாது என்ற விதியை நுவன் பார்க்கவில்லை. தடுப்பைச் சுற்றிக் கையை நீட்டி அவன் கையைப் பிடித்துக்கொண்டான். அதிகாரி வந்து சேரும்வரை விடவில்லை.

நுவன் கையைப் பிடித்துக்கொண்டதுவரை எல்லாவற்றையும் புஷ்பம் அக்காவிடம் சொன்னேன். "இருக்கேன்னு அவனே சொன்னானா நானா? அவன் வாயாலயா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார்.

4. குட்ஷெட்

கப்பல் ஆட்களை ஒருவழியாக ஊருக்கு அனுப்பினார்கள். தனிமைப்படுத்தலும் முடிந்து கொழும்பிலிருந்து பஸ்ஸில் வந்தார்கள். கண்டி குட்ஷெட் பஸ் நிலையத்தில் நானும் புஷ்பம் அக்காவும் நின்றோம். யோகராஜ் மெலிந்துபோய் இறங்கினான். அவனுக்குப் பின்னால் நுவனும் பையோடு இறங்கினான்.

"நீ கடுகண்ணாவையில எறங்கல்லியா?" என்று கேட்டேன். பஸ் அவன் வீட்டு வாசலைத் தாண்டித்தான் கண்டிக்கு வந்திருக்கும்.

"எப்பிடி நானா எறங்குறது? அம்மா கையில இவன குடுக்கல்ல தானே" என்றான்.

புஷ்பம் அக்கா மகனை விட்டுவிட்டு நுவனிடம் வந்தார். "எந்தக் கை தம்பி?" என்று கேட்டார். அவனுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் கூச்சத்தோடு வலது கையை நீட்டினான். அவர் அதை இரண்டு கையாலும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

இந்த வேலைக்கு வந்திருப்பவர்களே, வீசாவும் மெடிக்கலும் ஒரு மாதத்தில் பழகிவிடும். சாவுச் செய்தி வந்தால், கப்பலில் ஆள் போய்ச் சொல்லும்வரை ஸ்டேட்டஸ் போட வேண்டாம் என்று வீட்டாரிடம் முதலில் சொல்லுங்கள். அடுத்தது, நீங்கள் அனுப்பிய ஆளின் பெயரைக் கூப்பிட்டுப் பதில் வராவிட்டால், அது உங்கள் வேலையா என்று யோசித்துக்கொண்டிருக்காதீர்கள். பதில் வரும்வரை போனை வைக்காதீர்கள்.