இருபத்தைந்தாவது ஆடு

ஆட்டுக்கொள்ளை நோய் எத்தனை மந்தைகளில் பரவியிருக்கிறது என்று கணக்கெடுக்கக் கால்நடைத் துறை அனுப்பும் பெண்ணுக்கு ஊர் வைத்த பெயர் ஊசிக்காரி. வெள்ளாடோ செம்மறியோ, பட்டியை விட்டு வெளியே வரும் வரிசையில் ஐந்துக்கு ஒன்று பிடித்துக் கழுத்து நரம்பில் ரத்தம் எடுப்பாள். யார் கெஞ்சினாலும் அந்த ஐந்து மாறாது.

போன வருடம் மாறியது. அவரவர் இழுத்து வந்து காட்டிய நல்ல ஆடுகளில் எடுத்துக்கொண்டு போனாள். நோய் அபூர்வம் என்று முடிவு வந்தது. தடுப்பூசி வேறு பக்கம் போனது. மழை தொடங்குவதற்குள் மூன்று தெருக்களில் பட்டிகள் காலி.

இந்த முறை சீட்டுக் குலுக்கிப் போட்டதில் விழுந்தது அவள் அண்ணன் வீடு.

"வாம்மா. ஊரார் சாபம் பத்தலைன்னு எங்களுதையும் வாங்கிட்டுப் போக வந்தியா?" என்றான். நோய் இருப்பது தெரிந்தால் சந்தையை மூடிவிடுவார்கள். அவன் மந்தை நாளை மறுநாள் சந்தைக்குப் போவதாக இருந்தது.

இருபது ஆடுகள் வந்தன. நான்கில் எடுத்தாள். பட்டிக்குள் எட்டிப் பார்த்தால் ஆடு கட்டும் முளைகள் இருபத்தாறு.

"மத்த ஆறு எங்கண்ணே?"

"வித்தாச்சு."

சாமான் அறைக்குள் இருமல் கேட்டது. கதவை மறித்து நின்ற அண்ணி அவசரமாகத் தானும் இருமினாள்.

"நல்லா இருமுறீங்க அண்ணி. ஆனா உள்ள இருக்கறது உங்களுக்கு முன்னாடியே ஆரம்பிச்சிருச்சு."

"நாக்கைப் பாரு! கூடப் பிறந்தவ பேசற பேச்சா இது?" என்றாள் அண்ணி.

ஊசிக்காரி அவளைத் தாண்டிக் கை நீட்டித் தாழ்ப்பாளை இழுத்தாள். இருபத்தொன்று, இருபத்திரண்டு என்று எண்ணினாள். இருபத்தைந்தாவது, மூக்கில் சளி காய்ந்து, வாயெல்லாம் புண்ணாக, வாசற்படியிலேயே படுத்துவிட்டது. அதற்குப் பின்னால் வந்ததற்கு லேசான தும்மல்தான்.

அண்ணன் குரலை இறக்கினான். "ஒண்ணே ஒண்ணு தள்ளி எண்ணிக்கோ. உன்னைப் படிக்க வெச்சவன் கேக்கறேன்."

"போன தடவை எண்ணாமத்தான் எடுத்தேன்."

புது ஊசி மாட்டி, படுத்திருந்ததன் கழுத்தைத் தடவிக் குத்தினாள். குழாயில் எண் எழுதினாள்.

"இனி இந்த வாசலை மிதிச்சா காலை உடைச்சிருவேன்."

"தடுப்பூசி கொண்டுட்டு வருவேன். அப்ப உடைங்கண்ணே."

வாசலில் தான் வைத்திருந்த, கிருமி கொல்லும் மருந்துத் தண்ணீர்த் தொட்டிக்குள் பூட்ஸ் காலை வைக்கப் போனாள். அண்ணி அதை உதைத்துக் கவிழ்த்தாள். ஊசிக்காரி தொட்டியை நிமிர்த்தினாள். கேனில் மிச்சமிருந்ததைக் கடைசிச் சொட்டு வரை ஊற்றி, இரண்டு கால்களையும் தேய்த்துக் கழுவினாள். அடுத்த வீட்டிலும் ஆடுகள் இருந்தன.