கிழக்கே பார்த்து நின்ற கார்

2025 ஜூன் 14, சனிக்கிழமை, காலை பத்து இருபது, தென்காசியில் சாரல். மகன் வாங்கி நிறுத்திவிட்டுத் துபாய் போன மின்சாரக் காரில் நான்கு சதவீதம்தான் சார்ஜ் இருந்தது. வீட்டில் சார்ஜர் பொருத்த வந்த எலக்ட்ரீஷியன் மெலிந்தவர். இடுப்பில் டேப் இருந்தும் அடிவைத்தே அளந்தார்.

"காரைத் திருப்பி நிறுத்துனா சார்ஜ் சொருகுற எடம் மீட்டர் பெட்டிப் பக்கம் வந்துரும். பதினோரு மீட்டர் வயர் மிச்சம், அண்ணாச்சி."

"கிழக்கே பாத்துத்தான் நிக்கணும், ஜோசியர் சொல்லியிருக்காரு" என்றாள் மனைவி.

"கரண்டுக்கு ஏது ஆச்சி கிழக்கும் மேற்கும்?"

அவள் அசையவில்லை. நான் அவரிடம் கெஞ்சினேன்: "மெல்லிசு வயராப் போடுமே."

"போடலாம். வயரு சூடாகும். பொறவு அந்தச் சுவரு பக்கம் நீங்க படுக்கப்படாது."

அது என் படுக்கையறைச் சுவர். இரண்டு பக்கமும் வழி அடைபட்டது.

வயர் கூடினால் லாபம் அவருக்குத்தான். ஆனாலும் வயரை வெட்டுமுன் இன்னொரு முறை மனைவியிடம் கேட்டுப் பார்த்தார்; அவள் கிழக்கையே காட்டினாள். ஏன் கேட்டாரோ! மொத்தச் செலவு 47,360 ரூபாய்.