கஸ்தூரி மேடம் என்னிடம் கேட்ட கேள்வி

நீராவியில் வேகும் மாம்பழக்கூழின் வாசனை சட்டையில் ஒட்டும், தலைமுடியில் ஒட்டும், மதியம் சாப்பிடும் சோற்றில்கூட இருக்கும்...

சித்தூர் பக்கத்து மாம்பழக்கூழ் ஆலையில்தான் எனக்கு முதல் வேலை. கூழ் காயும் கொப்பரைக்குப் பக்கத்தில் நின்று, சூடு காட்டும் முள் குறித்த கோட்டிலேயே நிற்கும்படி நீராவி வால்வைத் திருக வேண்டும். சூடு குறைந்தால் கூழ் கெட்டுவிடும். கூடினால் கறுத்துவிடும். நானும் முனிரத்தினமும் மாறி மாறி நிற்போம்.

அங்கேதான் கஸ்தூரி மேடம் இன்ஜினியராக வந்தார். சொந்த ஊர் எல்லையோரத் தமிழ்க் கிராமம். அவருடைய நைனா மாந்தோப்புகளில் கூலிக்குக் காய் பறித்தவர். மகள் திருப்பதியில் இன்ஜினியரிங் படித்துவிட்டு வந்து, எங்கள் பக்கத்து ஆலைகளிலேயே முதன்முதலாக ஆட்டோமேட்டிக் கன்ட்ரோலர் மாட்டினார். வால்வைத் தானே திறந்து மூடும் பெட்டி.

முதல் நாளே அது சூட்டைத் தாறுமாறாக ஏற்றி, ஒரு கொப்பரைக் கூழ் முழுவதும் கருகிப்போனது. "ஏன்ட்டம்மா இதி!" என்று மேனேஜர் எல்லார் முன்னாலும் தெலுங்கில் கத்தினார். சரிசெய்ய ஒரு வாரம்தான் டைம் என்றார்.

எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம். வேலை தப்பித்ததே...

மறுநாள் காலை மேடம் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். இரண்டு நாள் என் கையையே பார்த்து நோட்டில் எழுதினார். பிறகு கேட்டார்.

"முள்ளு இன்னும் ஏறிக்கினுதானே இருக்குது தேவராஜு? அதுக்குள்ள ஏன் மூடறீங்க?"

"ஏறுற வேகத்தைப் பாத்தா தெரியும் மேடம். கோடு வர்ற வரைக்கும் காத்துக்கினு இருந்தா தாண்டிப் பூடும்."

அவர் பேனாவை நிறுத்தினார். "நீங்க வேகத்தைப் பாக்கறீங்க. என் பொட்டி முள்ளை மட்டும்தான் பாக்குது."

எனக்குப் பயம் வந்துவிட்டது. "இது சரியா ஓடிச்சுன்னா எனக்கு வேலை இருக்குமா மேடம்?"

"தெரியல. மேனேஜர்கிட்ட சண்டை போடறேன். ஆனா உங்களாண்ட பொய் சொல்ல மாட்டேன்."

அந்த ஒரு பதிலுக்காகவே எனக்குத் தெரிந்ததை எல்லாம் சொல்லிவிட்டேன்.

பெட்டி வேகத்தையும் பார்க்கும்படி மேடம் மாற்றினார். வாரக் கடைசியில் முள் கோட்டின்மேல் அசையாமல் நின்றது. மேனேஜர் ஒரு ஸ்பூன் கூழை நக்கிப் பார்த்துவிட்டு, இன்னொரு ஸ்பூன் எடுத்துக்கொண்டு போனார். மேடம் சொன்னபடியே சண்டை போட்டார். ஆனாலும் ஒருவருக்குத்தான் இடம் என்றார்கள். நான் அந்தப் பெட்டியின் பேனலைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குப் போனேன். முனிரத்தினம் சொந்த ஊரான பலமனேருக்கே திரும்பி, தக்காளித் தோட்ட வேலைக்குப் போனார். அவரை வழியனுப்ப மேடம் பஸ் ஸ்டாண்டு வரை வந்தார்.

அப்புறம் மேடம் பால் ஆலை, சர்க்கரை ஆலை என்று எங்கெங்கோ போய்ப் பெரிய பெயர் எடுத்தார். இப்போது ரிட்டயராகித் திருப்பதியில் இருக்கிறார். நான் ஸ்ரீசிட்டித் தொழிற்பேட்டையில், ஒரு ஆலையின் ஏசி ரூமில். திரையில் வால்வுகள் தாமாகவே திறந்து மூடிக்கொள்கின்றன. எப்போது மூட வேண்டும் என்று யாரும் சொல்லித்தர வேண்டாம், கம்ப்யூட்டரே கற்றுக்கொள்கிறது. அன்றைய வேக்காடு திரும்ப வேண்டும் என்று சொல்ல மாட்டேன். இருந்தாலும்...

போன வாரம் போனில் மேடம் கேட்டார். "புதுசா வந்ததெல்லாம் நல்லா ஓடுதா?"

"ஓடுது மேடம். ஆனா எங்கிட்ட யாரும் ஒண்ணும் கேக்கறதில்ல."

மேடம் உடனே சொன்னார்.

"ஞாயித்துக்கெழம வூட்டுக்கு வாங்க. முனிரத்தினத்தையும் இட்டுக்கினு வாங்க. நான் கேக்கறேன்."