எட்டாம் எண்ணுக்கு ஓய்வில்லை

ரிக்கார்ட் ஏலுண்ட் எங்கள் ஹெல்புரூ கால்பந்துக் கழகத்துக்காகப் பதினான்கு ஆண்டுகள் நடுக்களத்தில் ஆடினார். ஆடினார் என்பது மரியாதைக்குச் சொல்வது. வந்த பந்தைப் பக்கத்தில் நிற்பவனிடம் தள்ளிவிட்டு, அவன் அதை என்ன செய்கிறான் என்று இடுப்பில் கைவைத்துப் பார்ப்பார். பந்தை இழந்ததே இல்லை என்கிறது புள்ளிவிவரம். வைத்திருந்தால்தானே இழப்பதற்கு?

ஸ்வீடன் அணிக்கும் ஒருமுறை ஆடினார்: வெளிநாட்டில் ஆடும் நல்ல ஆட்டக்காரர்களுக்கு விடுப்புக் கிடைக்காத ஒரு ஜனவரியில், பதினோரு நிமிடம். அதைப் பத்து ஆண்டுகளாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார், அதுவும் மிக அடக்கமாக. கழகத்தை விட்டுப் போகாத விசுவாசி என்று பெயர் வேறு. வேறு யாரும் கூப்பிடவில்லை என்பதை நாங்கள் வெளியில் சொல்வதில்லை.

ஆட்டத்தை விட்டதும் அவருக்கு ஒரே ஆசை. அவருடைய எட்டாம் எண் சட்டையை இனி எவரும் போடக் கூடாது. தானே கேட்பாரா? மனைவி அன்னெலியின் பேரில் தீர்மானம் வந்தது. கையெழுத்து அவளுடையது, சொற்கள் அவருடையவை. 'தன்னலமற்ற' என்பது மூன்று இடங்களில் இருந்தது.

மார்ச் மாத உறுப்பினர் கூட்டம். காபி, ஏலக்காய் ரொட்டி, நூற்றிருபது பேர். தலைவி குன்வோர் பள்ளிப் பல் மருத்துவராக இருந்தவர். அவர் கேட்டால் வாயைத் திறந்துதான் ஆகவேண்டும். அவர் கேட்பார், நாங்கள் "சரி" என்று முனகுவோம், சுத்தியல் விழும். இதுவும் அப்படியே நிறைவேறியிருக்கும்.

"ரிக்கார்ட், நீ ஏதாவது சொல்றியா?" என்றார் குன்வோர்.

பேசாமல் இருந்திருக்கலாம். எழுந்தார்.

"எதுக்கு இதெல்லாம்? நான் அப்படி என்ன பெருசா கிழிச்சிட்டேன்? வேணாமே."

இந்த இடத்தில் யாராவது "அட, சும்மா இருப்பா" என்று அதட்ட வேண்டும். எங்கள் ஊர் முறை அதுதான். அவரும் அதற்காக நின்றார். நான் வாயெடுத்தேன், பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெர்ட்டில் என்பவர் என் கையை அழுத்தினார்.

"குறுக்க பேசாத. மனுஷன் இன்னிக்குத்தான் உண்மையச் சொல்றான்."

குன்வோர் எங்கள் பக்கம் திரும்பினார். "அவரே வேணாங்கறார். தீர்மானத்த விட்டுடலாமா?"

அன்னெலி எழுந்தாள். "ஒரு நிமிஷம், அவரு சொல்ல வந்தது…"

"உக்காரு, அன்னெலி. எல்லாரும் பாக்கறாங்க" என்றார் ரிக்கார்ட், பல்லைக் கடித்துக்கொண்டு.

"சரி" என்றோம். அவரும் சொன்னார், எங்களைவிடச் சற்று உரக்கவே. அடுத்த பொருள் கழிப்பறைக் கூரை. அதற்கு நாற்பது நிமிடம் சண்டை நடந்தது.

ஏப்ரலில் ஃபின்லாந்திலிருந்து வந்த ஒருவர் எட்டாம் எண்ணைப் போட்டுக்கொண்டார். உள்ளூர்ப் பத்திரிகை ரிக்கார்டின் பணிவைப் பற்றி அரைப்பக்கம் எழுதியது. அச்சுக்குப் போகுமுன் நிருபர் ஃபோனில் கேட்டாராம்: "நெஜமாவே வேணாம்னுதான் சொன்னீங்களா?"

"ஆமா" என்றாராம் ரிக்கார்ட்.