சூரியனை மறைத்த வட்டம்

தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு மத்தியானம். இயற்பியல் வாத்தியாரான நான், விண்கலம் ஒன்று எடுத்த சூரியப் படத்தைப் பார்க்கப் பேட்டையில் சாகுல் வைத்திருந்த இன்டர்நெட் கடையில் உட்கார்ந்திருந்தேன். படம் மேலிருந்து வரி வரியாக இறங்கியது. நடுவில், சூரியன் இருக்கவேண்டிய இடத்தில், வெறும் வட்டம்.

"என்னவே, ஒம்ம கம்ப்யூட்டர்ல சூரியனே வர மாட்டேங்கு!" என்று எல்லார் முன்னாலும் சத்தம் போட்டேன்.

சாகுல் மொட்டைமாடியில் புறா வளர்ப்பவர். பைய எழுந்து வந்து பார்த்தார்.

"வெயில்ல புறா தெரியணும்னா நான் கட்டைவிரலால சூரியன மறைப்பேன் சார்வாள். இதுலயும் அப்படித்தான் மறச்சிருக்காங்க. சுத்திப் பாருங்க."

பார்த்தேன். வட்டத்தைச் சுற்றிலும் சூரியக் காற்று வெண்புகையாய் வழிந்துகொண்டிருந்தது. ஓரத்தில் குட்டி வால்நட்சத்திரம் ஒன்று சூரியனை நோக்கி விழுந்துகொண்டிருந்தது. வால் மட்டும் எதிர்ப்பக்கம் நீண்டிருந்தது. சாகுலிடம் மன்னிப்புக் கேட்கக்கூட மறந்து, மிதப்பதுபோல் உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் வகுப்பில் ஒரு கேள்வி கேட்டேன். எப்போதும் நானே பதிலையும் சொல்லிவிடுவேன்; அன்று சொல்லாமல் ஜன்னலோரம் ஒதுங்கி நின்றேன். வெகுநேரம் கழித்துக் கடைசி பெஞ்சில் ஒரு கை உயர்ந்தது. அந்தப் பெண்ணின் குரலை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன்.